நியூவெல் ஆலை விற்பனையில் ஃபியஸ்டா தட்டு வாங்கலாமா?

பிட்ஸ்பர்க் பக்கம் அண்மையில் குடிவந்த ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல் ஊரில், ஃபியஸ்டா என்ற பெயரில் ஒற்றை நிறத் தட்டுகள் செய்யும் பீங்கான் ஆலை நடத்தும் கூடார விற்பனைக்குப் போய்வருவது பயனுள்ளதா, அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும் ‘செகண்ட்ஸ்’ தட்டுகளில், அதாவது முதல் தரம் பெறாதவற்றில், நாள்தோறும் சாப்பிடலாமா, பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு கொடுத்த பழைய சிவப்புத் தட்டில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்பவை அவை. விலையைப் பற்றிய கேள்விபோல் தொடங்கினாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது, கையில் எடுத்த ஒரு தட்டு உண்பதற்கு ஏற்றதா என்று தாமே எப்படி முடிவு செய்வது என்பதைத்தான் என்று எண்ணுகிறேன். அந்த முடிவு, தட்டு எந்தக் காலத்தில் சூளையிலிருந்து வந்தது என்பதைப் பெரிதும் சார்ந்தது. ஆகவே ஆலையின் வரலாற்றைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல இயலாது. நான் செராமிக் தொழில்நுட்பம் படித்தவன். உணவுப் பாத்திரங்களின் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சை, அதாவது கிளேஸை, சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். இந்த ஆலையோடு எனக்கு வணிகத் தொடர்பு எதுவும் இல்லை.

ஓஹையோ ஆற்றின் ஒரு கரையில் ஈஸ்ட் லிவர்பூல், மறு கரையில் நியூவெல். இங்கிலாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் பென்னட் என்ற குயவர் 1839-இல் ஈஸ்ட் லிவர்பூலில் தொழிலைத் தொடங்கிய பிறகு, உள்ளூர்க் களிமண்ணையும் ஆற்றுப் போக்குவரத்தையும் நம்பி அங்கே சூளைகள் பெருகின. ஆனால் அவை செய்தவை பெரும்பாலும் மஞ்சள், பழுப்பு நிறச் சாதாரணப் பாத்திரங்களே. வெள்ளைப் பீங்கான் வேண்டுமென்றால் அமெரிக்க வீடுகள் இங்கிலாந்தின் சரக்கையே வாங்கின. இந்த நிலையை மாற்ற விரும்பிய ஊரார், வெள்ளைப் பாத்திர ஆலை கட்டுபவருக்கு 5,000 டாலர் ஊக்கத்தொகை தருவதாக அறிவித்தார்கள். 1871-இல் அவ்வூரில் தொழிலில் இறங்கியிருந்த ஹோமர் லாஃப்லின், ஷேக்ஸ்பியர் லாஃப்லின் என்ற சகோதரர்கள் அதைப் பெற்றார்கள். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அவர்களுடைய வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ஷேக்ஸ்பியர் விலகிக்கொள்ள, நிறுவனம் ஹோமரின் பெயரோடு நின்றது. ஃபியஸ்டாவைப் பின்னாளில் செய்தது இந்த நிறுவனமே. அக்காலத் தட்டுகளின் அடியில் பொறித்த முத்திரையில் அமெரிக்கக் கழுகு பிரிட்டிஷ் சிங்கத்தின்மேல் ஏறி நிற்கும். போட்டியாளர் யார் என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு வணிகர் சொல்லிவிட முடியாது.

ஹோமர் லாஃப்லின் 1897-இல் தம் பங்கை விற்றுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போய்விட்டார். அங்கே அவர் கட்டிய கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் இன்று பலரும் அறிந்த கிராண்ட் சென்ட்ரல் சந்தை இயங்குகிறது. ஆலையை எடுத்துக்கொண்டவர்கள் கணக்கராக இருந்த வில்லியம் எட்வின் வெல்ஸும் பிட்ஸ்பர்க்கின் ஆரன் குடும்பத்தாரும். ஈஸ்ட் லிவர்பூலில் இடம் போதாமல் போனதும், அவர்கள் மறுகரையில் நிலம் வாங்கி, 1905-இல் ஆற்றின்மேல் சொந்தமாகவே ஒரு தொங்குபாலம் கட்டி, 1907-இல் நியூவெல்லில் மிகப் பெரிய ஆலையைத் திறந்தார்கள். சுங்கம் கொடுத்துக் கடக்கும் அந்தப் பாலம் ஆலையின் தேவைக்காகவே பிறந்தது; ஊரும் அப்படித்தான். 1920-களில் இங்கே சுரங்கச் சூளைகள் வந்தன. சூளையை மூட்டி, ஆறவிட்டு, இறக்கி, மறுபடி அடுக்கும் பழைய முறை மாறி, பாத்திரங்கள் வண்டியில் ஏறி நீண்ட சூடான சுரங்கத்தின் வழியே நிற்காமல் நகரத் தொடங்கின. ஒரே நிறத்தை லட்சக்கணக்கான தட்டுகளில் ஒரே சாயலாகக் கொண்டுவருவதற்கு இந்த மாற்றம் பெரிதும் உதவியது. ஃபியஸ்டாவுக்கு அது அடித்தளம்.

ஃபியஸ்டாவை வடிவமைத்தவர் ஃபிரெடரிக் ஹர்ட்டன் ரீட். இங்கிலாந்தின் பீங்கான் வட்டாரத்தில், குயவர் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா வந்த அவர், 1927-இல் இந்நிறுவனத்தின் கலை இயக்குநரானார். கிளேஸ்களின் வேதியியலுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஆல்பர்ட் பிளைனிங்கர் என்ற வல்லுநர். பூவும் தங்கக்கோடும் ஒட்டிய தட்டுகளே மதிப்பென்று கருதப்பட்ட காலத்தில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1936 சனவரியில் இவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தது எந்த ஓவியமும் இல்லாத தட்டு: விளிம்பிலும் நடுவிலும் ஒன்றனுள் ஒன்றாக வட்டக் கோடுகள், அவற்றின்மேல் ஒற்றை நிறம். சிவப்பு, கருநீலம், இளம்பச்சை, மஞ்சள், தந்தநிறம் என ஐந்தில் தொடங்கி, பிறகு டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை சேர்ந்தது. முழுத் தொகுப்பாக வாங்க வேண்டியதில்லை. கையில் காசு இருக்கும்போது ஒவ்வொன்றாக, விரும்பிய நிறத்தில் வாங்கிக் கலந்து வைத்துக்கொள்ளலாம். இதன் வெற்றிக்கு அழகைப் போலவே இந்த விற்பனை முறையும் காரணம் என்பது என் கருத்து. பின்னாளில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் போன்றவர்கள் இதைச் சேகரித்ததால் கிடைத்த புகழ் வேறு. முதலில் இது எளிய குடும்பங்களின் சமையலறைப் பொருள்.

இனி அந்தச் சிவப்புத் தட்டு. கதிரியக்கம் இருப்பது வதந்தி இல்லை. ஆரஞ்சு சாயல் கொண்ட அந்தச் சிவப்பு, காரீயம் மிகுந்த கிளேஸில் யுரேனியம் ஆக்சைடைக் கலந்து பெறப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால், 1943 வாக்கில் சிவப்பு நின்றுபோயிற்று. 1959-இல் அது திரும்பியபோது பயன்பட்டது செறிவு நீக்கிய யுரேனியம். 1972-இல் அதுவும் நின்றது. இந்த இரு காலத்துச் சிவப்பில் எதுவானாலும் கதிர்வீச்சு அளக்கும் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனால் அது விடாமல் ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டு அஞ்சுவோர் பலர்; ஆனால் அலமாரியில் ஓரிரு தட்டுகளை வைத்திருப்பதால் வீட்டிலிருப்போர் பெறும் கதிர்வீச்சு மிகச் சிறிது. கவலைப்பட வேண்டியது அதில் உண்பதைப் பற்றித்தான். புளிப்பான உணவு கிளேஸிலிருந்து யுரேனியத்தையும் காரீயத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கும். யுரேனியம் உடலுக்குள் போனால் அதன் கதிர்வீச்சைக் காட்டிலும் சிறுநீரகத்துக்கு அது செய்யும் வேதியியல் கேடே முதலில் கருதத்தக்கது. காரீயமோ, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எந்த அளவிலும் நல்லதில்லை. கதிரியக்கக் கிளேஸ் உள்ள பாத்திரங்களில் உணவையோ பானத்தையோ வைக்க வேண்டாம் என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. புளிக்குழம்பும் ரசமும் எலுமிச்சை ஊறுகாயும் நாள்தோறும் தட்டில் விழும் வீட்டில் இந்த அறிவுரைக்கு விலக்குத் தேட வேண்டாம். தட்டைச் சுவரில் மாட்டலாம், அலமாரியில் வைக்கலாம். உடைந்தால் துண்டுகளைக் கையுறையோடு எடுத்து, தூள் பறக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சிவப்பைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்கிற நான், மற்றப் பழைய நிறங்களைப் பற்றி அதே உறுதியோடு பேச மாட்டேன். அக்காலத்து வண்ண கிளேஸ்களில் காரீயம் இருந்தது என்பது உறுதி. ஆனால் உங்கள் கையிலுள்ள மஞ்சள் தட்டு உணவுக்குள் எவ்வளவு காரீயத்தை விடுகிறது என்பதைப் புகைப்படத்தைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ எந்த வல்லுநரும் சொல்ல முடியாது. எக்ஸ்-கதிர்க் கருவியால் அளந்து இணையத்தில் வெளியிடப்படும் பெரிய எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அவை கிளேஸுக்குள் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகின்றனவே தவிர, எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் காட்டுவதில்லை. நன்றாக வெந்த கிளேஸ் தன்னுள் இருப்பதை இறுகப் பிடித்து வைத்திருக்கக்கூடும். சரியாக வேகாததும், ஆண்டுக்கணக்கில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அரிக்கப்பட்டதும் அதிகமாக விடக்கூடும். ஆய்வகத்தில் நாங்கள் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, பிறகு அந்தத் திரவத்தை அளப்போம். விடை சொல்லும் சோதனை அதுதான். கடையில் கிடைக்கும் பஞ்சுக்குச்சிச் சோதனையில் நிறம் மாறாததை வைத்து ஒரு தட்டுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. 1986-க்கு முந்தைய ஃபியஸ்டா எதுவாயினும் நான் அதைப் பார்வைக்கு வைப்பேன், சாப்பிட வேறு தட்டை எடுப்பேன். இது அளவெடுத்து வந்த முடிவில்லை, முன்னெச்சரிக்கை மட்டுமே.

1986-ஐ எல்லையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பழைய ஃபியஸ்டாவின் உடல் நுண்துளைகள் கொண்ட மண்பாண்ட வகை. 1959-இல் இந்நிறுவனம் உணவகங்களுக்கான கெட்டிப் பீங்கானைச் செய்யத் தொடங்கியது. கூடுதல் வெப்பத்தில் வெந்து கண்ணாடிபோல் இறுகிப்போகும் உடல் அது. வீட்டுத் தட்டுகளின் விற்பனை குறைந்து 1973-இல் ஃபியஸ்டா நிறுத்தப்பட்டபோது ஆலையைத் தாங்கியவற்றுள் முக்கியமானது இந்த உணவகச் சரக்கு. ஐம்பதாம் ஆண்டில், 1986-இல், ஃபியஸ்டாவை மீண்டும் கொண்டுவந்தபோது பழைய வடிவங்களை இந்தக் கெட்டியான உடலில், காரீயம் இல்லாத கிளேஸோடு வார்த்தார்கள். கெட்டி உடல் சூளையில் கூடுதலாகச் சுருங்கும் என்பதால், பழைய அச்சை ஒட்டி வந்த புதிய பாத்திரங்கள் சில தம் முன்னோரைவிடச் சற்றுச் சிறியவை. தண்ணீர் உறிஞ்சாத உடலாதலால் மைக்ரோவேவில் தட்டு தானே கொதிப்பதில்லை, ஆண்டுகள் கழித்துக் கிளேஸ் வலைபோல் வெடிப்பதும் அரிது. வெளியூர் விற்பனைகளில் பழையதும் புதியதும் கலந்து வரும்போது அடிப்புற முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பழைய அச்சுகளின் முத்திரையே சில புதிய பாத்திரங்களிலும் தொடர்கிறது. தட்டைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். வளையம் முழுவதும் கிளேஸ் மூடி, அடியில் முள் குத்தியதுபோல் மூன்று சிறு தழும்புகள் இருந்தால் அது பழையது. சூளையில் மூன்று முனைகளின்மேல் நிறுத்தி வேகவைத்ததன் தடம் அது. வளையத்தில் மட்டும் கிளேஸ் துடைக்கப்பட்டு வெள்ளை உடல் தெரிந்தால் பெரும்பாலும் 1986-க்குப் பிந்தையது. தட்டுகளுக்கும் சாசர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும். குழிவான பாத்திரங்களில் இதை அவ்வளவு உறுதியாகக் கொள்ள வேண்டாம். இதே ஆலையின் பூப்போட்ட பழைய தட்டுகள் வேறு வகை. அவற்றுள் 1930-களுக்குப் பிந்தைய பலவற்றின் அடியில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தும், ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களும், ஆலையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் இருக்கும். பழைய ஃபியஸ்டாவில் அந்த வசதி இல்லை.

ஆலை வளாகத்தில் நடக்கும் விற்பனையில் வைக்கப்படுபவை அண்மைக் காலச் சரக்கு என்பதால், மேலே சொன்ன யுரேனிய, காரீயக் கவலைகள் அங்கே எழுவதில்லை. அங்கே எழும் கேள்வி ‘செகண்ட்ஸ்’ பற்றியது. தரச்சோதனையில் முதல் தரம் பெறாதவை, உற்பத்தி நிறுத்தப்பட்ட நிறங்கள், மீதமான உருப்படிகள் ஆகியவை பெட்டிகளிலும் மேசைகளிலும் குவிக்கப்பட்டிருக்கும். கூட்டம் விடியற்காலையிலேயே சேரும். எந்த நாளில், எப்போது, எப்படி உள்ளே விடுவார்கள் என்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கிளம்புமுன் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு ஆலையோடு சேர்ந்த கடை இருக்கிறது. அங்கும் செகண்ட்ஸ் தனியாக விற்கிறார்கள். முதல்முறை வாங்குபவருக்கு நான் அந்தக் கடையைத்தான் சொல்வேன். பின்னால் நிற்பவர் கை நீட்டும் இடத்தில் ஒரு தட்டை நிதானமாகத் திருப்பிப் பார்க்க முடியாது.

பழுதுகளில் கண்ணுக்கு மட்டும் உறுத்துபவை உண்டு, தட்டின் ஆயுளைக் குறைப்பவை உண்டு. மேற்பரப்பில் ஒரு கரும்புள்ளி, நிறம் ஓரிடத்தில் மெலிந்திருத்தல், முத்திரை மங்கியிருத்தல், ஊசிமுனை அளவுச் சிறு குழி ஆகியவை முதல் வகை. மண்ணிலிருந்த இரும்புத் துகளும் கிளேஸில் அகப்பட்ட காற்றுக் குமிழியும் செய்யும் வேலை அவை. உண்ணும் பரப்பில் குழிகள் நெருக்கமாக இல்லாதவரை தயங்காமல் வாங்கலாம். கிளேஸ் விலகி உடல் வெளியே தெரியும் இடம் அடிப்புறத்தில் இருந்தால் பரவாயில்லை. உணவு படும் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். உடல் தண்ணீர் உறிஞ்சாதுதான், ஆனாலும் அந்தச் சொரசொரப்பில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. வளைவைக் கண்டுபிடிக்க, தட்டைச் சமதளத்தில் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்த வேண்டும். ஆடினால் அடுக்கிலும் ஆடும். எந்த நிலையிலும் வாங்கக் கூடாதது விரிசல். சூளையிலிருந்து ஆறும்போது, ஏறத்தாழ 573 பாகை செல்சியஸில், உடலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்த பாத்திரத்தில் முடியளவுக் கீறல் விழுந்து கிளேஸுக்கு அடியில் மறைந்திருக்கலாம். சந்தையில் பானை வாங்குகிறவர் செய்வதுபோல், தட்டை மூன்று விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பைச் சுண்டிப் பாருங்கள். நல்ல தட்டு மணிபோல் நின்று ஒலிக்கும், விரிந்தது மொத்தென்று அடங்கும். கைப்பிடி உள்ள கோப்பையில் இந்த ஒலி இயல்பாகவே குறையும் என்பதால், அங்கே கைப்பிடி ஒட்டும் இடத்தை வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிவளையத்தை விரலால் தடவவும் மறக்க வேண்டாம். கிளேஸ் இல்லாத அந்த வளையம் சொரசொரப்பாக இருந்தால், அடுக்கி வைக்கும்போது கீழிருக்கும் தட்டின் முகத்தைக் கீறும். கத்தி, கரண்டி பட்டுச் சாம்பல் நிறக் கோடுகள் விழுவது வேறு. அது எஃகு தட்டின்மேல் தேய்ந்து ஒட்டிய தடம், மென்மையான தேய்ப்புப் பொடியால் போய்விடும். நிறங்களைப் பார்க்கக் கூடாரத்தின் விளிம்புக்கு, பகல் வெளிச்சம் உள்ள இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். துணியின் நிழல் பச்சையையும் நீலத்தையும் குழப்பும். பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. உங்கள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எவ்வளவு உயரமான தட்டு நிற்கும் என்பதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உணவுத் தட்டு சில சிறிய இயந்திரங்களில் நுழையாது.

பெயரைப் பற்றியும் ஒரு குழப்பம் வரக்கூடும். ஆரன் குடும்பத்தின் பங்கு 2002-இல் வெல்ஸ் குடும்பத்துக்குப் போயிற்று. 2010-இல் மறுகரையிலிருந்த ஹால் சைனா நிறுவனமும் சேர்ந்தது. 2020-இல் உணவகப் பிரிவுகளோடு ஹோமர் லாஃப்லின், ஹால் என்ற பெயர்களும் ஸ்டீலைட் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. நியூவெல்லில் இருப்பது இப்போது ஃபியஸ்டா டேபிள்வேர் கம்பெனி. ஸ்டீலைட்டின் வேர் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரெண்டில் இருக்கிறது. கழுகு பொறித்த பெயர் கடைசியில் சிங்கத்தின் ஊருக்கே போனதைப் பார்த்தால் முதல் லாஃப்லின் என்ன நினைத்திருப்பாரோ. ஆகவே உணவகத் தட்டுகளில் ஹோமர் லாஃப்லின் என்ற முத்திரையைப் பார்த்து, அது இன்றைய ஃபியஸ்டா ஆலையின் சரக்கு என்று முடிவு செய்துவிட வேண்டாம். நேரமிருந்தால் பாலத்தைக் கடந்து ஈஸ்ட் லிவர்பூலின் பழைய அஞ்சலகக் கட்டடத்திலுள்ள செராமிக் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வருகிறவருக்கு இரண்டும் ஒரே நாளில் அடங்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு என் யோசனை இது. இந்நிறுவனம் புதிய நிறங்களை அறிமுகப்படுத்திக்கொண்டே பழையவற்றை நிறுத்திவிடும். 1993 முதல் 1995 வரை மட்டும் வந்த லைலாக் (இளம் ஊதா) போன்ற நிறங்களைப் பிற்பாடு தேடியவர்கள் சேகரிப்பாளர் விலை கொடுக்க நேர்ந்தது. நாள்தோறும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்தப்பட்ட நிறத்தில் நான்கு தட்டு மலிவாகக் கிடைக்கிறதென்று மயங்காமல், இப்போதும் உற்பத்தியிலுள்ள இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து எடுங்கள். ஒன்று உடைந்தால் அடுத்த முறை அதே நிறமோ அதற்கு ஒத்துப்போகும் வேறொன்றோ கிடைத்துவிடும். நிறுத்தப்பட்ட நிறம்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், தேவைக்கு மேல் இரண்டு உருப்படி சேர்த்தே வாங்கிவிடுங்கள்.